பழைய ஆயில் எங்கே போகிறது?

ஶ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூரில் நெடுஞ்சாலை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நீளமான ட்ரெய்லர் லாரிகளில் புத்தம் புதுக் கார்கள் போய்க்கொண்டே இருக்கும். சில சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்கு. சில வாலாஜாபாத் ரயில் நிலையத்துக்கு, அங்கிருந்து ரயிலேறி வடக்கே. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான். பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்பீல்டு, யமஹா, அப்போலோ டயர் என்று மற்றவர்களும் வந்து சேர்ந்து இந்தப் பக்கம் முழுக்க வண்டி செய்கிற ஊராகிவிட்டது.

எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் இந்தக் கம்பெனிகளிலோ அவற்றுக்குப் பாகம் கொடுக்கிற கம்பெனிகளிலோ வேலை பார்க்கிறோம். ஒருவர் பெயின்ட் ஷாப், ஒருவர் இன்ஜின் அசெம்பிளி, ஒருவர் கடைசி லைனில் வண்டியை ஓட்டிப் பார்த்து அனுப்புகிறவர். நான் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற எங்களில் பலர் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. ஆனால் அந்தக் காரின் பானட் திறப்பது வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான போல்ட்டை முறுக்குகிற கை, சொந்த வண்டியின் ஆயில் போல்ட்டைத் தொட்டதே இல்லை.

தொடலாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. புது ஆயில் ஊற்றுவது இந்த வேலையில் பாதிதான். பழைய ஆயிலைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியைச் செய்ய மனமில்லாதவர்கள் முதல் பாதியில் கை வைக்கவே வேண்டாம், சர்வீஸுக்கே விட்டுவிடுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் நாமே மாற்ற வேண்டும்? காசு மிச்சமாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கொஞ்சம் மிச்சமாகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பேனர் செட், ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் எல்லாம் வாங்கிய செலவை அந்த மிச்சம் ஈடுகட்ட நாளாகும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. என் வண்டிக்குள் என்ன ஊற்றப்பட்டது, எந்த கிரேடு, எத்தனை லிட்டர், பில்டர் நிஜமாகவே மாறியதா, வாஷர் புதிதா என்பது எனக்கு என் கண்ணால் தெரிகிறது. கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டு உட்கார வைத்து, கடைசியில் பில்லை மட்டும் நீட்டும் இடத்தில் அது தெரியாது. குவாலிட்டியில் இருப்பவனுக்குப் பார்க்காத வேலையைப் பாஸ் செய்ய மனசு வராது.

இங்கே ஒரு கேள்வி வரும். வாரண்டி போய்விடுமே? நியாயமான பயம். என் யோசனை இதுதான். வாரண்டி ஓடுகிற வரை கம்பெனி சர்வீஸிலேயே செய்துகொள்ளுங்கள், முத்திரை விழட்டும், பில் பத்திரமாக இருக்கட்டும். அது முடிந்த பிறகு வண்டி உங்களுடையது. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்லியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்தார்கள் என்று சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியே பழுது பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்கிற நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. 2015 ஜூலையில் நம் பக்கத்து வீட்டுக்காரரான ஹூண்டாய்க்கும் தனியாக 420 கோடி ரூபாய் அபராதம் வந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு பல படிகள் ஏறியது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று தனி இணையதளமே திறந்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அதாவது வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கிற உரிமை வாங்கியவருக்கு உண்டு என்கிற பேச்சு அரசாங்கம் வரைக்கும் போயிருக்கிறது.

சரி, ஆயிலுக்கு வருவோம்.

இன்ஜினுக்குள் ஆயில் செய்வது வழுக்க வைக்கிற வேலை மட்டும் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்கிறது. சூட்டை அள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறது. எரிந்த கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு பில்டருக்குக் கொண்டுபோகிறது. எரிதலில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது. இதற்காக அடிப்படை எண்ணெயோடு கால்சியம், மக்னீசியம் சார்ந்த சுத்திகரிப்புச் சேர்மங்கள், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், சூட்டில் ரொம்பவும் நீர்த்துப் போகாமல் பிடித்து வைக்கும் பாலிமர் எல்லாம் சேர்க்கிறார்கள். ஓட ஓடச் செலவாகிப் போவது முக்கியமாக இந்தச் சேர்க்கைகள்தான். அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அழுக்கேறிப் போயிருக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஆயில் கறுத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கறுப்பது வேலை செய்கிற அடையாளம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துப் போகும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிலோமீட்டரையும் மாதத்தையும் பாருங்கள், அதைவிட உங்கள் வண்டி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

இப்போது வருகிற பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாகப் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று கையேட்டில் இருக்கும். அதே கையேட்டில் அடுத்த பக்கத்தில் ‘கடினமான சூழல்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. தூசி நிறைந்த சாலை, அடிக்கடி நின்று நின்று போகும் போக்குவரத்து, இன்ஜின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குறும்பயணம், நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் இன்ஜினை ஓட விடுவது. இதில் எது நமக்கு இல்லை, சொல்லுங்கள். ஶ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கும் வேலை எத்தனை வருஷமாக இழுத்தது என்று அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்களுக்கு நடுவில் ஊர்வது, பென்னலூரிலிருந்து பக்கத்து சிப்காட் தொழிற்பூங்காவுக்குச் சில கிலோமீட்டர் போய் வண்டியை நிறுத்தி, சாயங்காலம் அதே சில கிலோமீட்டர் திரும்பி வருவது. இவ்வளவும் அந்தப் பட்டியலுக்குள் அடக்கம்.

குறும்பயணம்தான் இதில் கண்ணுக்குத் தெரியாத எதிரி. தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் சூடாக அதைவிட நேரம் ஆகும். அது முழுச் சூட்டுக்கு வந்தால்தான் உள்ளே சேர்ந்த ஈரமும் கசிந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் மோர் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள், அது இந்த ஈரம்தான். (அதிகமாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை, உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.) அதனால் நம் பக்கத்தில் ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. கையேட்டின் கடினச் சூழல் பக்கமும் பொதுவாக அதைத்தான் சொல்கிறது.

எந்த ஆயில்? டப்பாவில் 5 டபிள்யூ 30, 0 டபிள்யூ 20 என்று போட்டிருக்கும். முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது, இரண்டாவது இன்ஜின் சூடான நிலையில் எவ்வளவு கெட்டி என்பது. நம் ஊரில் குளிர் எங்கே என்று கேட்டு, கெட்டியான ஆயில்தான் நல்லது, 20 டபிள்யூ 50 ஊற்று என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அம்பாசடர் காலத்து இன்ஜினுக்கு அது சரி. இப்போதைய இன்ஜினில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு டைமிங்கை மாற்றும் மெல்லிய துவாரங்கள் எல்லாம் மெல்லிய ஆயிலை நம்பிச் செய்யப்பட்டவை. கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். தரக் குறியீட்டில் ஏபிஐ எஸ்பி என்பது 2020-ல் வந்தது, எஸ்என் 2010-ல் வந்தது. பெட்ரோல் வண்டிக்குக் கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி ஊற்றலாம், எஸ்பி கேட்டால் எஸ்என் வேண்டாம். பிராண்டு பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. சர்வோ, மேக், எச்பி, காஸ்ட்ரால், ஷெல் எதுவானாலும் பில் தருகிற கடையில், சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். போலி ஆயில் சந்தையில் உண்டு. காலி டப்பாவைப் பழைய பேப்பர்காரரிடம் முழுசாகப் போட்டால் அதே டப்பா மறுபடி நிரம்பிக் கடைக்கு வர வழி இருக்கிறது. நான் காலி டப்பாவை ஆணியால் நாலு இடத்தில் குத்தி, மூடியைத் தனியாக வெட்டித்தான் போடுவேன்.

இனி வேலை.

முதலில் உயிர். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக் கல், செங்கல் அடுக்கி நிறுத்துவது அதைவிட மோசம், ஹாலோ பிளாக் சொல்லாமல் நொறுங்கும். முன்சக்கரம் ஏறி நிற்கும் இரும்பு ரேம்ப் ஒரு ஜோடி வாங்கலாம், அல்லது தாங்கும் எடை பொறித்த ஸ்டாண்டு இரண்டு. சமதரை, ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை. இது எதுவும் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்.

வண்டியை ஒரு பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கையைச் சுடக் கூடாது. வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெக்கானிக் அண்ணன்கள் வெறும் கையால் அளைவதைப் பார்த்து நாமும் அளைய வேண்டியதில்லை. ஓடித் தீர்ந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் சேர்ந்திருக்கும், அது தோல் வழியாக உள்ளே போகும். தினமும் அதில் கை நனைக்கும் அந்த அண்ணன்களுக்குத்தான் கையுறை நம்மைவிட அவசியம். அடுத்த முறை போகும்போது ஒரு டப்பா வாங்கிக் கொடுங்கள்.

கீழே, ஆயில் சம்ப்பின் தாழ்ந்த இடத்தில் ட்ரெயின் போல்ட் இருக்கும். என் 1,200 சிசி வண்டியில் 17-ம் நம்பர் ஸ்பேனர். முதல் தளர்த்தலை ரிங் ஸ்பேனரால் செய்து, பிறகு விரலால் சுற்ற வேண்டும். சுற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி லேசாக அழுத்திப் பிடித்தபடியே சுற்றுங்கள். அப்படிப் பிடித்தால் மரை முழுக்கக் கழன்ற பிறகும் ஆயில் வராது. கழன்றது விரலுக்குத் தெரியும். அப்போது போல்ட்டைச் சட்டென்று பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஆயில் நேராகக் கீழே விழாது, வேகத்தோடு சாய்வாகப் பாயும், பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்க வேண்டும். கட்டை விரல் கனத்துக்குக் காபி டிகாக்ஷன் நிறத்தில் வரும். வரவரச் சாய்வு குறைந்து, கோடாகி, நூலாகி, சொட்டாகும். சொட்டு நிற்கும் வரை அவசரப்படாதீர்கள். அந்த நேரத்தில் போல்ட்டை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பேன். சாம்பல் நிறத்தில் லேசாக மாவு மாதிரி இருந்தால் சரி. மினுமினுப்பாகச் செதில் இருந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது, விசாரிக்க வேண்டும். இந்த ஒரு தகவலை எந்த சர்வீஸ் பில்லும் தராது.

போல்ட்டோடு இருக்கும் வாஷர் அலுமினியமோ செம்போ, ஒரு தடவை நசுங்கி உட்காருவதற்காகச் செய்தது. விலை அற்பம். ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். முறுக்கும்போது என் வண்டிக்கு 35 முதல் 45 நியூட்டன் மீட்டர். நம் லைனில் நட் ரன்னர் முறுக்கி முடித்ததும் பச்சை விளக்கு எரியும், அந்த அளவு கம்ப்யூட்டரில் பதிவாகும், குறைந்தாலும் கூடினாலும் சிவப்பு. வீட்டில் அந்த விளக்குக்குப் பதில் டார்க் ரெஞ்ச்சின் ‘டக்’ சத்தம். பலசாலித்தனத்தைக் காட்டி நீளமான ராடு போட்டு முறுக்கினால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும், அதன் விலை நீங்கள் பத்து வருஷம் ஆயில் மாற்றி மிச்சம் பிடித்ததைச் சாப்பிட்டுவிடும்.

பில்டரைக் கழற்றினால் அதிலிருந்தும் ஒரு டம்ளர் ஆயில் வரும், கீழே பாத்திரம் இருக்கட்டும். கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் பில்டரோடு வந்ததா, இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். பழைய வளையத்தின் மேல் புது வளையம் உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த சில நொடியில் ஆயில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். புது பில்டரின் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவி, கையாலேயே சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. இதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

ஊற்றுவது சுலபம். என் வண்டிக்கு மூன்றரை லிட்டர் வாக்கில் பிடிக்கும். முதலில் மூன்று லிட்டர் ஊற்றி, பிறகு டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. மூடியை மறக்காமல் மூடி, ஸ்டார்ட் செய்தால் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே ஆஃப். அணைந்தால் ஒரு நிமிஷம் ஓட விட்டு, டார்ச் அடித்துக் கீழே ஒழுக்கு இருக்கிறதா பார்த்து, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக். எஃப் கோட்டைத் தாண்டக் கூடாது. தாராளமாக ஊற்றினால் நல்லது என்பது சாம்பாருக்கு. இங்கே அளவு கூடினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் காப்பாற்றாது.

தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, பில்டர் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவார்.

இப்போது பாத்திரத்தில் மூன்றரை லிட்டர் கறுப்பு ஆயில் நிற்கிறது.

இது வாசலில் இருக்கும் நேரத்தில் தெருவில் போகிற யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். கட்டட வேலைக்குப் போகும் பக்கத்துத் தெரு அண்ணன் கேட்பார், சென்ட்ரிங் பலகையில் தடவினால் கான்கிரீட் ஒட்டாது என்று. வேலிக் கம்பத்துக்குக் கறையான் வராமல் தடவ ஒருவர் கேட்பார். எதிர்வீட்டு ஆயா ஒருமுறை கேட்டது எனக்கு மறக்காது. “தம்பி, அந்த ஆயில கொஞ்சம் குடேன், பின்னாடி பள்ளத்துல தண்ணி நிக்குது. ஊத்துனா கொசு வராதாமே?”

ஆயா சொன்னது தப்பில்லை. நீரின் மேல் ஆயில் படலமாக நின்றால் கொசுப் புழுவால் மேலே வந்து மூச்சு விட முடியாது. மரத்தூளை ஆயிலில் ஊற வைத்து உருண்டை பிடித்துத் தேங்கிய நீரில் போடும் வழக்கம் நம் ஊராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் இருந்திருக்கிறது. ஆனால் வண்டியில் ஓடித் தீர்ந்த ஆயில் வெறும் எண்ணெய் கிடையாது. ஈயம், குரோமியம் போன்ற உலோகத் துகள், எரிந்த கரி, நான் மேலே சொன்ன புற்றுநோய்ச் சேர்மங்கள் எல்லாம் அதில் கரைந்தும் மிதந்தும் இருக்கின்றன. “வேணாம் ஆயா, அது மழையில ஏரிக்குப் போயிடும்” என்றேன். “இந்தப் பள்ளத்துத் தண்ணி எங்கப்பா ஏரிக்குப் போவப்போவுது?” என்றார்.

போகும். அதுதான் இந்தப் பகுதியின் அமைப்பு. இது ஏரிகள் கோத்த நாடு. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததுக்கு. ஶ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் அவற்றின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரிதான் சென்னையின் குடிநீருக்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று. நாம் சாக்கடையில் ஊற்றுவது இந்தப் பாதையில் எங்கே போய் நிற்கும் என்பதை ஐப்பசி, கார்த்திகை மழை தீர்மானிக்கும், நாம் இல்லை. நிலத்தில் ஊற்றினால் இன்னும் நேர்வழி, பென்னலூரில் எத்தனை வீட்டில் போர் தண்ணீர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு காரில் ஒருமுறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் கணக்கில் கிட்டத்தட்ட 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் முந்நூறுக்கும் மேல். எண்ணெய் கலந்த தண்ணீர் என்ன செய்யும் என்பதை 2023 டிசம்பரில் எண்ணூரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து கலந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை படர்ந்தது. மீனவர்கள் படகில் போய்க் கையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். அது ஆலை அளவு. தெரு அளவில் நாம் செய்வது யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் ஓடித் தீர்ந்த ஆயில் அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்கள்தான் அதைச் சுத்திகரிக்கலாம். 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தி, ஆயில் தயாரித்து விற்கிற நிறுவனங்களே பழைய ஆயில் மறுசுத்திகரிப்புக்குப் போவதற்குப் பொறுப்பு என்று ஆக்கினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தச் சங்கிலி பெரிய ஒர்க் ஷாப்பின் பேரலிலிருந்து தொடங்குகிறது. வீட்டு வாசலில் ஆயில் மாற்றும் தனி ஆளைத் தேடி எந்த வண்டியும் வராது. பேரல் வரை கொண்டுபோவது நம் வேலை.

முதலில் சொன்னேனே, அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும் என்று. அதனால்தான் இது குப்பை இல்லை, சரக்கு. நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனால் சுத்தம் செய்தால் மறுபடி மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெய் கிடைக்கும். 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து எவ்வளவு மசகு எண்ணெய் கிடைக்குமோ, அதே அளவை 3.8 லிட்டர் பழைய ஆயிலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது அதே அமெரிக்க முகமையின் கணக்கு. என் காரில் வடிவது கிட்டத்தட்ட அந்த 3.8 லிட்டர்தான். கச்சா எண்ணெயில் பெரும்பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இதைச் செங்கல் சூளையில் எரிப்பதும் பள்ளத்தில் ஊற்றுவதும் எந்த வகையில் நியாயம்?

நான் செய்வது இது. புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே பழையதைப் புனல் வைத்து ஊற்றி மூடி, மேலே மார்க்கரால் ‘பழைய ஆயில்’ என்று எழுதிவிடுவேன் (குத்தி உடைப்பதெல்லாம் காலியான பிறகு). அதில் தண்ணீர், கூலன்ட், தின்னர் எதையும் கலக்க மாட்டேன், கலந்தால் சுத்திகரிக்க எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பில்டரை ஓர் இரவு பாத்திரத்தில் கவிழ்த்து வைத்து முழுக்க வடிய விட்டு, வடிந்ததையும் டப்பாவில் சேர்த்து, பில்டரைத் தனிப் பையில் போடுவேன். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைத் தூவி, அது உறிஞ்சியதும் கூட்டி அதே பையில். தண்ணீர் விட்டுக் கழுவுவது கிடையாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்து அனுமதி பெற்ற ஆளிடம் விற்கிற ஒர்க் ஷாப் ஒன்றுக்குப் போவேன். அங்கே இருக்கும் அண்ணன் முதல் தடவை கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். “இதுக்குக் காசு எதுவும் வராதே தம்பி.” “காசு வேணாம்ணே, பேரல்ல ஊத்திக்கங்க, போதும்.” இப்போது எங்கள் தெருவில் இன்னும் சிலரும் என்னோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார்கள். பலகைக்குக் கேட்ட கட்டட அண்ணனுக்குக் கடையில் விற்கிற சென்ட்ரிங் ஆயிலைக் காட்டிக் கொடுத்தேன்.

எல்லா ஒர்க் ஷாப்பும் வாங்கிக்கொள்ளாது. சில இடத்தில் எங்கள் வண்டி ஆயில் மட்டும்தான் என்பார்கள், அதிலும் நியாயம் உண்டு, வெளியாள் கொண்டுவருவதில் என்ன கலந்திருக்கிறதோ என்ற பயம். வாங்கிக்கொள்கிற இடத்திலும் அவர்கள் யாரிடம் விற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சூளைக்குப் போகிறது என்றால் வேறு இடம் பாருங்கள்.

இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஶ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று இத்தனை சிப்காட் பூங்காக்கள் இருக்கின்றன. பெரிய தொழிற்சாலைகளுக்குள் கழிவு ஆயிலுக்கென்று பூட்டுப் போட்ட கொட்டகை, பதிவேடு, எடை, அனுமதி பெற்ற லாரி எல்லாம் இருக்கிறது. ஊழியர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய ஆயிலுக்கும் அங்கே ஒரு பேரல் ஒதுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சிப்காட்டும் வழி செய்து கொடுத்தால் போதும். ஊராட்சிகளும் கேட்கலாம். ஆயில் விற்கிற பெரிய கடைகள் புது டப்பா விற்கும் அதே இடத்தில் பழையதை வாங்கிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை, யாராவது எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் கம்பெனியின் பாதுகாப்புக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் கம்பெனியில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த முறை ஆயில் டப்பாவைக் கையில் எடுக்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் “பழசை எடுத்துக்குவீங்களாண்ணே?” என்று கேளுங்கள். இல்லை என்றால், எடுத்துக்கொள்கிற ஒர்க் ஷாப்பை முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.